சாமி திரும்புகிற முனை

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் நான் தங்கிய விடுதியில் இட்லி கிடையாது. கேட்டுப் பார்த்தேன். "இட்லி வோணும்னா பஸ் ஸ்டாண்டாண்ட போவணும் மேடம், இங்க பேன்கேக்தான்" என்றான் பரிமாறுகிறவன். வாழைப்பழத்தை மைதாவில் குழைத்துச் சுட்டு, மேலே தேனைக் கொட்டி ஒரு வஸ்து வந்தது. அதைத் தின்றுகொண்டே எதிர்க்கடை வாசலைப் பார்த்தேன். கல்லில் செதுக்கிய புத்தர் தலைகளை, கழுத்தோடு முடிந்த வெறும் தலைகளை, உயரவாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரி அதில் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். நான் பேன்கேக் தட்டைத் தள்ளி வைத்தேன்.

என் பெயர் லோகநாயகி. ஒரு வார இதழில் 'உலகத் தெருக்கள்' என்ற தொடரை வெகுகாலமாக எழுதிவருகிறேன். பினாங்கு, இஸ்தான்புல், மார்செய் என்று பல இனத்தார் சேர்ந்து வாழும் நகரங்களில் கால் தேய நடந்து, மூக்கில் ஏறிய மணத்தையும் காதில் விழுந்த மொழிகளையும் எழுதிப் பெயர் வாங்கியவள். "ஏழு மொழிகள் தோளில் கைபோட்டு நடக்கும் தெரு" என்று ஒருமுறை தெரியாமல் எழுதித் தொலைத்தேன். இன்றைக்கும் வாசகர்கள் அந்த வரியைத்தான் சொல்லிச் சொல்லி மெச்சுகிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இந்த முறை ஆசிரியர், "வெளிநாடு போதும்மா. உலகமே நம்ம கடற்கரைக்கு வந்து உட்கார்ந்திருக்கு, அதை எழுதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உலகம் வந்து உட்கார்ந்திருந்தது உண்மைதான். கம்பளம் விற்கிறவர் காஷ்மீரி. இத்தாலிச் சேமியா கிண்டுகிறவர் நேபாளி. எச்சில் தட்டுக் கழுவுகிறவர் ஒடிசாக்காரர். தின்கிறவர்கள் பிரான்ஸ், ரஷ்யா, கொரியா, சனி ஞாயிறு ஆனால் சிறுசேரி மென்பொருள்காரர்கள். பச்சை குத்தும் கடையில் ஒரு ஜெர்மன்காரனின் முதுகில் 'ஓம்' ஏறிக்கொண்டிருந்தது, குத்துகிறவன் கழுத்தில் சிலுவை தொங்கியது. எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் என் கண்ணில் பட்டதெல்லாம் தெருவோரம் மூடி உடைந்து கிடந்த சாக்கடைதான். மீன் கழுவிய தண்ணீரும் சோப்பு நுரையும் எல்லா நாட்டு எச்சிலும் அதில் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மேலே மேசைகளில் யாரும் யாரோடும் கலக்கவில்லை. விற்கிறவன் பல்லைக் காட்டினான், வாங்குகிறவனும் பல்லைக் காட்டினான், அவ்வளவுதான் நடந்தது. நானும் இத்தனை வருடம் இந்தப் பல்லிளிப்பைத்தான் பண்பாட்டுக் கலப்பு என்று எழுதிக்கொண்டிருந்தேனோ என்று நினைத்து மேலும் எரிச்சலானேன்.

பிற்பகலில் கேசவன் வந்தார். வெளிநாட்டுக்காரர்களை ஒரு நாள் கிராமத்துக்கு அழைத்துப்போய்க் காட்டும் சுற்றுலாவை நடத்துகிறவர். பொட்டும், பொத்தான் தெறிக்கும் வயிறும், ஓயாத கைபேசியுமாக இருந்தார். எழுதுகிறவள் வந்திருக்கிறாள் என்று விடுதிக்காரன் சொல்லியிருக்கிறான்.

"இந்தத் தெருவ பாத்து இன்னா மேடம் எழுதப் போறீங்க? நாளைக்கு நம்ப டூருக்கு வாங்க. மாட்டு வண்டி, கோலம், வாழையில சாப்பாடு. நாலு நாட்டு ஜனங்க ஒரே பந்தில குந்தி கையால துன்னுவாங்க. அத்த எழுதுங்க, சும்மா பிச்சிக்கும்."

அவரோடு வந்த பெண்ணைக் காட்டி, "நம்ப கைடு, ஜெனிஃபர். கொரியன் பேசும். இந்தக் கடலோரத்துல கொரியன் பேசற ஒரே பொண்ணு" என்றார். பிறகு கைபேசி அடிக்க, வெளியே போய்விட்டார்.

ஜெனிஃபருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கடுகடுப்பான முகம். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்தத் தெருவில் அன்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டாத ஒரே ஆள் அவள்தான். கொரிய மொழியை எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"ஒரகடத்துல கொரியாக்காரங்க கம்பெனில பார்ட்ஸ் செக் பண்ணிகினு இருந்தேன்க்கா. அவங்க திட்டறது புரியணும்னு கத்துக்க ஆரம்பிச்சேன். அப்பறம் சீரியல் பாத்து மிச்சம்." கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொன்னத சொன்னாமாரி சொல்லுவேன். கூட்ட மாட்டேன், கொறைக்க மாட்டேன். கெஸ்ட்டுங்க அதுக்குத்தான் என்ன கேக்கறாங்க."

"நாளைக்குப் போகிற ஊர் எந்த ஊர்?"

"எங்க ஊருதான்" என்றாள்.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு ஊர்தான் கெட்டது என்று மற்ற ஊர்களெல்லாம் நிம்மதியாகத் தூங்கும்.

கேசவன் வெளியே கத்திப் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் ஜெனிஃபர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சுற்றுலாவில் சாப்பாடு, ஊருக்குள் உலகநாதன் என்பவர் வீட்டில். ஜெனிஃபர் வீடு காலனியில். விருந்தாளிகள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடும்போது ஜெனிஃபர் வாசல் வேப்பமரத்தடியில் நின்று கேட்பதற்குப் பதில் சொல்வாள். பிறகு வேனில் போய்த் தன் டிபன் பாக்ஸைத் திறப்பாள். வந்தவர்கள் ஏன் என்று கேட்டால் சொல்வதற்குக் கேசவன் ஒரு பதில் வைத்திருந்தார்.

"எனக்கு வயிறு சரியில்லயாம். ஒவ்வொரு டூருக்கும் எனக்கு வயிறு சரியில்ல. அத்தயும் நான்தான் கொரியன்ல சொல்லணும்" என்றாள். சிரித்தாள், ஆனால் முகம் கடுகடுப்பாகவே இருந்தது.

மாட்டு வண்டி ஊரைச் சுற்றிவந்து காலனி முனையில் திரும்பிவிடுமாம். ஆடி மாதம் அம்மன் ஊர்வலமும் அந்த முனையில்தான் திரும்பும். காலனிக்காரர்கள் தேங்காய், பழத்தட்டோடு முனைக்கு வந்து கற்பூரம் காட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்கு மேல் சாமி வராது. சுற்றுலாவுக்கும் அதே வண்டி, அதே மாடு, அதே வழி.

"சுற்றுலாவுக்கு இந்த வழியை யார் போட்டது?" என்று கேட்டேன்.

"யாரும் போடலக்கா. மொத நாளு ஆனந்தண்ணன் வண்டி ஓட்டினாரு. மாடு எப்பவும் போறாமாரி போச்சு, எப்பவும் திரும்பறாமாரி திரும்பிச்சி. அதுவே ரூட்டாயிடுச்சி."

ஒரு பிரெஞ்சுக்காரனும் ஒரு கொரியனும் ஏறிப்போகிற வண்டி, சாமி திரும்புகிற இடத்தில் தானாகவே திரும்புகிறது. யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. கேட்டபோது எனக்கு அருவருப்பில் காதெல்லாம் சுட்டது.

"எங்கம்மா டூரு வர்ற அன்னிக்கெல்லாம் முனைல வந்து நிக்கும்" என்றாள் ஜெனிஃபர். "நான் இங்கிலீஷ் பேசறத பாக்கணுமாம். நான் கைய ஆட்டுவேன். எங்கம்மான்னு கெஸ்ட்டுங்களுக்கு சொல்லுவேன். வூடு எங்கன்னு அவங்க கேக்கறதுக்குள்ள வண்டி திரும்பிடும்."

போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி அவளை மொழிபெயர்ப்பாளராகக் கூப்பிட்டிருக்கிறது. போகிறேன் என்று சொன்னதும் கேசவன் பதறிவிட்டார். கொரியர்கள்தான் அவருக்கு நிறைய வருகிற விருந்தாளிகள். அப்போதுதான் ஜெனிஃபர் கேட்டாள்: ஒரே ஒரு தடவை வண்டி முனை தாண்டி வரவேண்டும், ஒரே ஒரு சாப்பாடு எங்கள் வீட்டில். கேசவன் சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அந்த நாள்தான் நாளை.

"அம்மா வூட்டுக்கு வெள்ள அடிச்சிடுச்சி. கோவளத்துக்குப் போயி நண்டு சொல்லி வெச்சிட்டு வந்துக்கீது. தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம சொல்லிடுச்சி. நாளைக்கு மட்டும் வண்டி வந்துட்டா போதும்க்கா, அப்பறம் நான் இந்த வேலைலயே இருந்துடுவேன்."

மறுநாளும் அதே பேன்கேக்கைத் தின்றுவிட்டு வேனில் கிளம்பினேன். ஒரகடம் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருக்கும் கொரியரும் அவர் மனைவியும், கழுத்தில் பெரிய கேமராவோடு ஒரு பெல்ஜியம்காரர், வயதான ஒரு பிரெஞ்சு அம்மாள், சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு டெல்லிப் பெண். இவர்கள்தான் விருந்தாளிகள். வழியெல்லாம் சவுக்குத் தோப்பும், ஏரிக்குள்ளேயே நட்டுவைத்த மனைக்கற்களும். பெல்ஜியம்காரர் கற்களைக் காட்டி, இவை பழங்காலக் கல்லறைகளா என்று கேட்டார். ஜெனிஃபர் உள்ளபடியே பதில் சொன்னாள்.

உலகநாதன் லாரி வைத்திருக்கிறவர், மனை வியாபாரமும் உண்டு. அன்று அவருக்கு விவசாயி வேஷம். தோளில் கலப்பை இல்லாததுதான் குறை. அவர் மனைவி சம்பூர்ணம் பதினோரு மணி வெயிலில் கோலம் போட்டுக் காட்டினாள். பிறகு உலக்கையால் நெல் குத்திக் காட்டினாள். உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம் நன்றாகவே கேட்டது. பிரெஞ்சு அம்மாள் தானும் நான்கு குத்துக் குத்திவிட்டு, இதுதான் உண்மையான வாழ்க்கை என்று கண் கலங்கினாள்.

சம்பூர்ணம் எல்லாருக்கும் பித்தளை டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். மாட்டுக்கறி தின்கிறவர்கள், பன்றிக்கறி தின்கிறவர்கள், சாமியே இல்லை என்கிறவர்கள் எல்லாருக்கும் அந்த டம்ளர் போயிற்று. என்னிடம் வந்ததும் நின்றாள்.

"நீங்க எந்தூரும்மா?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

தெருவின் பெயரையும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. டம்ளரை என் கையில் கொடுத்து, "அதானே பாத்தேன்" என்றாள். உலகத் தெருக்களையெல்லாம் எழுதினவளுக்கு அந்த ஒரு தெருதான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தது. தாகம், குடித்துவிட்டேன். குடித்த பிறகு அது வயிற்றில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. வேப்பமரத்தடியில் நின்ற ஜெனிஃபருக்குக் கேசவன் கடையில் வாங்கிய தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிப் போட்டார். நான் பார்ப்பதைப் பார்த்து, "சுகாதாரம் மேடம்" என்றார்.

வண்டி கிளம்பியது. விருந்தாளிகள் மேலே, நானும் ஜெனிஃபரும் கேசவனும் பக்கத்தில் நடை. ஆனந்தன் வண்டியோட்டி, உலகநாதனின் பங்காளி. கோயில், குளம், பஞ்சாயத்து அலுவலகம் எல்லாம் தாண்டினோம். தெரு ஒடுங்கி, கான்கிரீட் முடிந்து, செம்மண் தொடங்குகிற இடம் தெரிந்தது. அங்கே ஒரு பெரிய கூட்டம் நின்றது. பெண்கள் தலை சீவிப் பூ வைத்திருந்தார்கள். முன்னால் முனியம்மா என்ற வயதான பெண், ஆரத்தித் தட்டோடு. ஜெனிஃபரின் அம்மா சந்திரம்மா மட்டும் இல்லை, வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். ஜெனிஃபர் கையை ஆட்டினாள். கடுகடுப்பு போய் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

முனை வந்தது. மாடுகள் திரும்பின.

ஆனந்தன் மூக்கணாங்கயிற்றைத் தொடக்கூட இல்லை. பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி அரைவட்டம் போட்டு, பின்பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டி நின்றது.

"ஆனந்தண்ணே, நேரா போணும்" என்றாள் ஜெனிஃபர். "கேசவண்ணே, சொல்லுங்க."

கேசவன் தலையைச் சொறிந்தார். "நான் சொல்லிட்டேம்மா. மாட்டுக்குத் தெரியலியே. பழக்கமில்லாத பக்கம் அது போவாது. வெளிநாட்டுக்காரங்கள வெச்சிகினு மெரண்டுச்சின்னா பேஜாரு."

ஜெனிஃபர் அவரை ஒரு நொடி பார்த்தாள். பிறகு முன்னால் போனாள். வலத்து மாட்டின் கயிற்றைப் பிடித்து, நாக்கால் ஒரு சத்தம் கொடுத்து, செம்மண் பக்கம் மெல்ல இழுத்தாள்.

மாடு வந்தது. இரண்டு மாடும் வந்தன. தலையை ஆட்டிக்கொண்டு, மணி குலுங்க, அவள் பின்னாலேயே வந்தன. மாட்டுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

"ஏய், கயித்த உடு!" ஆனந்தன் பீடியைத் துப்பிவிட்டுக் குதித்தார். "உடுங்கறேன்ல! சாமி வண்டிடி இது!" அவள் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, மாட்டின் முகத்தில் தார்க்குச்சியால் ஓங்கி அடித்தார். வந்த மாடு மிரண்டு திரும்பியது. மேலே இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். முனியம்மாவின் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

கொரிய அம்மாள் ஜெனிஃபரிடம் ஏதோ கேட்டாள். ஏன் என்றுதான் கேட்டிருப்பாள், முகமே சொல்லிற்று.

"ரோடு சரியில்லன்னு சொல்லு" என்றார் கேசவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "சீக்கிரம் சொல்லும்மா. உலகநாதன் வூட்டுல எல போட்டாச்சி."

இலை போட்டாச்சாம். அப்படியென்றால் சாமி படத்தைத் தொட்டபோதே இந்த ஆளுக்குத் தெரியும். சீ, என்ன மனிதன்! அவரைப் பிடித்து அந்த ஒத்தவாடைத் தெருச் சாக்கடையில் தள்ள வேண்டும் என்று எனக்கு வந்தது.

ஜெனிஃபர் முதலில் ஆங்கிலத்தில் சொன்னாள், பிறகு கொரிய மொழியில். "சாலை சரியில்லை என்று உங்களிடம் சொல்லச் சொல்கிறார்." கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிறகு, தன் சொந்தப் பேச்சாகச் சொன்னாள். "சாலை நன்றாகத்தான் இருக்கிறது. அது என் தெரு. இந்த ஊர்ச் சாமி அங்கே வராது. சாமி வராத இடத்துக்கு இந்த வண்டியும் வராது. உங்களுக்காக என் அம்மா சமைத்து வைத்திருக்கிறாள். இறங்கி நடந்தால் கொஞ்ச தூரம்தான்."

யாராவது ஒருத்தர் இறங்கிவிடுவார் என்று நம்பினேன். உலகம் சுற்றியவள்தான், ஆனாலும் நம்பினேன்.

டெல்லிப் பெண், "இந்தக் காலத்திலுமா?" என்று கைபேசியை எடுத்தாள். முனையைப் படம் பிடித்து, அழுகிற முகம் ஒன்றைச் சேர்த்து அனுப்பினாள். பிரெஞ்சு அம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு வெயிலை அண்ணாந்து பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். கொரிய அம்மாள் உண்மையாகவே ஒரு காலைக் கீழே வைத்தாள். அவள் கணவர் முழங்கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவள் காலை எடுத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"விருந்து வெக்கறவங்கள அவமானப்படுத்தக் கூடாதாம்க்கா" என்றாள் ஜெனிஃபர்.

பெல்ஜியம்காரர் ஒருவர்தான் முழுதாக இறங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கூட்டத்தின் முன்னால் போய் மண்டி போட்டு, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டார். கான்கிரீட் முடிகிற கோட்டை எடுத்தார். திரும்பி நின்ற வண்டியை எடுத்தார். பிறகு முனியம்மாவைப் பார்த்து, தட்டை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கும்படி கையால் சாடை காட்டினார். முனியம்மா தூக்கினாள். ஆடி மாதம் எந்த உயரத்துக்குத் தூக்குவாளோ அந்த உயரத்துக்கு.

கேசவன் என் காதருகே வந்தார். குரலில் ஒரு உற்சாகம். "அவங்களுக்கு இது புடிச்சிக்கீது மேடம், பாத்தீங்களா? இனிமே இந்த முனைல அஞ்சு நிமிஷம் நிறுத்திடலாம். தட்டோட நாலு பேர நிக்கச் சொன்னா நல்ல ஒரு பாயின்ட்டு ஆயிடும்."

நான் வாய்க்கால் ஓரத்துக்கு ஓடி வாந்தி எடுத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. சம்பூர்ணத்தின் தண்ணீரும் ஒத்தவாடைத் தெருப் பேன்கேக்கும் எல்லாம் வெளியே வந்தன. நிமிர்ந்தபோது முனியம்மா ஒரு சொம்போடு நின்றாள். வாய் கொப்பளித்தேன். அதற்குள் வண்டி போய்விட்டிருந்தது, மணிச் சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே கேட்டது.

ஜெனிஃபரோடு காலனிக்குள் நடந்தேன். கூட்டமும் பின்னால் வந்தது. தெரு சுத்தமாகப் பெருக்கி, தண்ணீர் தெளித்து இருந்தது. சந்திரம்மாவின் வீட்டிலிருந்து சுண்ணாம்பு வாசனையும் நண்டு வாசனையும் சேர்ந்து வந்தன. வாசலில் துணிப்பந்தல். சுவரில் இயேசு படமும் அம்மன் படமும் பக்கத்தில் பக்கத்தில். பந்தலின் கீழே கோலப்பொடியில் கொரிய எழுத்து. ஜெனிஃபர் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்துச் சந்திரம்மாவே இழுத்திருந்தாள். வருக என்று அர்த்தமாம். கழுவிய தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சந்திரம்மா வெளியே வந்தாள். மகளைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"இன்னா ஜெனி, வண்டிய காணோம்?"

மூன்று மொழிகளில் சொன்னதைச் சொன்னபடி சொல்கிறவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு, "அல்லாருக்கும் வயிறு சரியில்லமா" என்றாள். "வெயிலு ஒத்துக்கல. இந்தக்காகூட வாந்தி எடுத்துட்டாங்க. அதான் வர்ல."

சந்திரம்மா முனியம்மாவைப் பார்த்தாள்.

"ஆமா சந்திரம்மா" என்றாள் முனியம்மா, கற்பூரம் அணைந்த தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு. "பாவம், சுருண்டு பூட்டாங்க."

பின்னால் நின்ற அத்தனை பேரும் ஆமாம், ஆமாம் என்றார்கள். ஒருவரும் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சந்திரம்மா என்னைப் பார்த்தாள்.

"மெய்யாலுமாம்மா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் உள்ளே போனாள். பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. ஜெனிஃபர் கொரிய எழுத்துகளை மிதிக்காமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். சந்திரம்மா வரும்போது ஒரு கையில் துணி சுற்றிய தூக்குவாளி, இன்னொரு கையில் ஒயர் கூடை. கூடையில் புது எவர்சில்வர் டம்ளர்கள், கடை ஸ்டிக்கர்கூட உரிக்காதவை.

"இந்தா, நண்டு ரசம். மொளகு தூக்கலா போட்டுக்கீறேன், வயித்துக்கு நல்லது. சூடா எடுத்துகினு போயி அவங்களுக்குக் குடு."

"வோணாம்மா."

"சாப்புடக் கூப்ட்டுட்டு வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுடி. நீ உள்ள போவ வோணாம். வேப்பமரத்தாண்டயே நின்னு ஊத்திக் குடு." கூடையை மகளின் கையில் திணித்தாள். "அந்த வூட்டு டம்ளரு கேக்காத, குடுக்க மாட்டாங்க. அதான் நம்புளுத வெச்சிக்கீறேன்."

விருந்தாளிகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஜெனிஃபர் கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கூடையையும் வாளியையும் கீழே வைத்தாள்.

"நான் போவலமா. இனிமே அங்க போவல."

சந்திரம்மா மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்து நிமிர்த்திக் கோலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப குந்து" என்றாள். "ஆறிடும்."